கூடுவாஞ்சேரி பிளாட்டும் பெங்களூர் தம்பியும்

கேள்வி: ஐயா, மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 1,500. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கொடுத்திருக்கிறோம். கரண்டுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள். 'வீட்டு வரி ஏறிவிட்டது' என்று சொல்லி, அடுத்த மாதத்திலிருந்து 24,000 கேட்கிறார் ஹவுஸ் ஓனர். எனக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை, கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 1,05,000 வருகிறது. பெரியவன் பத்தாம் வகுப்பு, சின்னவள் ஐந்து. மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய பிளாட் 48 லட்சத்துக்கு வருகிறது. வாடகையாகப் போவதை இ.எம்.ஐ.யாகக் கட்டினால் என்ன என்கிறார் கணவர். விற்பவர், '35 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்க' என்கிறார். என் பெயரில் பதிந்தால் பெண்களுக்குச் சலுகை உண்டாமே? பெங்களூரில் இருக்கும் தம்பியோ, 'தமிழ்நாட்டில் எல்லாத்துக்கும் வரி ஜாஸ்தி, இங்கே வந்துடுங்க' என்கிறான். கையில் ஒன்பது லட்சம் எஃப்.டி.யும் கொஞ்சம் நகையும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை 91

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ரொக்க விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். 48 லட்சத்து வீட்டை 35 லட்சம் என்று எழுதினால், 13 லட்சத்துக்கான பத்திரச் செலவு மிச்சம். பழைய பிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். மிச்சமாவது 1,17,000 ரூபாய். ஆனால் நாளைக்கு நீங்கள் அந்த வீட்டை விற்கும்போது, நீங்கள் வாங்கின விலை 35 லட்சம் என்றுதான் வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். நீங்கள் சம்பாதிக்காத 13 லட்சம் லாபமாகத் தெரியும். நீண்டகால மூலதன ஆதாய வரி இப்போதைய 12.5 சதவீதக் கணக்கில் 1,62,500. அவருக்கு லாபம், உங்களுக்குத் தண்டம். பேங்க்கும் பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். மீதி 13 லட்சத்துக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தவறு. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. அது தெரிந்தும் ரொக்கம் கேட்கிறவர், மற்றக் காகிதங்களை எப்படி வைத்திருப்பார் என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

பெண்கள் சலுகை: 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது உண்மை. பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. ஆனால் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். 48 லட்சத்துக்கு இல்லை. உங்கள் பெயரில் பதிவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அதை நான் ஆதரிக்கிறேன். அது வேறு பேச்சு.

இப்போது தம்பி சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் மாதக் கடைசிக்கும் அதற்கும் அதிகச் சம்பந்தம் இல்லை. மாநில வரி என்று நாம் பொதுவாகப் புலம்புவதைப் பிரித்துப் பாருங்கள். வருமான வரி மத்திய அரசுடையது. சென்னையில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் ஒரே விகிதம். ஜி.எஸ்.டி.யும் நாடு முழுக்க ஒன்றுதான். தொழில் வரியை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500க்கு மேல் எந்த மாநிலத்திலும் வாங்க முடியாது, அரசியல் சாசனமே கட்டிப்போட்டிருக்கிறது. ஆக மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது முக்கியமாக நான்குதான்: பத்திரப்பதிவு, வண்டி வரி, பெட்ரோல் மேல் வாட், மது. டாஸ்மாக் பக்கம் போகாத குடும்பமாக இருந்தால் நான்காவதை அடித்துவிடலாம். மாநில வருமானத்தில் பெரிய துண்டு ஒன்று உங்களைத் தொடாமலே போகிறது.

பத்திரத்தில் கர்நாடகம் கொஞ்சம் மலிவு. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் அதன்மேல் செஸ், கூடுதல் கட்டணங்களும் சேர்ந்து நகரத்தில் 5.6 சதவீதம். பதிவுக் கட்டணம் அங்கேயும் 2025 ஆகஸ்ட் கடைசியில் ஒன்றிலிருந்து இரண்டாக ஏறிவிட்டது. மொத்தம் 7.6. நம் 9க்கும் அதற்கும் வித்தியாசம் 1.4, 48 லட்சத்துக்கு 67,200 ரூபாய். அதுவும் வாழ்நாளில் ஒரு முறை. கார் வரியைப் பார்த்தால், 10 லட்சத்துக்குள் விலையுள்ள வண்டிக்கு நம்மூரைவிட அங்கேதான் ஒரு சதவீதம் கூட. இதற்காக இரண்டு பேரும் வேலையை விட்டு, பிள்ளைகளைப் புது மொழிப் பாடத்தில் உட்கார வைத்து ஊர் மாறுவதா? தம்பியிடம் அவர் கொடுக்கும் வாடகை என்ன, ஆபீஸ் போய்ச்சேர எத்தனை நேரம் என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

இந்தப் பத்திரச் செலவைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்று உண்டு. அதை மொத்தத் தொகையாகப் பார்க்காதீர்கள், அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள். உங்கள் 48 லட்சத்துக்கு 9 சதவீதம் 4,32,000. ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டுக் கிளம்பினால், மாதம் 7,200 ரூபாய் வரியாகவே வாடகை கட்டியதாக அர்த்தம். பதினைந்து வருஷம் இருந்தால் 2,400. மாநில வரிகளில் பத்திரமும் வண்டியும், நீங்கள் சொத்தைக் கைமாற்றும் நாளில் விழுகிறவை. ஓரிடத்தில் இருக்கிறவரை அவை விடுகின்றன; மாறிக்கொண்டே இருப்பவரைப் பிடிக்கின்றன. பெரியவன் இன்னும் இரண்டு வருஷத்தில் கல்லூரி, கணவரின் கம்பெனி அம்பத்தூரிலேயே இருக்குமா என்று தெரியாது. அந்த வீட்டில் பதினைந்து வருஷம் இருப்போம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

'கட்டணத்தைக் குறைத்துவிட்டார்களே' என்று சிலர் கேட்பார்கள். 2017 ஜூனில் கைடுலைன் மதிப்பை, அதாவது பத்திரம் போட அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பை, 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். கைடுலைன் மதிப்புக்கே பத்திரம் போட்டவருக்கு, 67 ரூபாய்க்கு 11 சதவீதமாக இருந்தது 100 ரூபாய்க்கு 9 சதவீதம் ஆயிற்று. அதாவது செலவு ஏறியது. பேங்க் கடன் வாங்கி, உண்மை விலையைப் பத்திரத்தில் எழுதியவருக்கோ 11லிருந்து 9 ஆக இறங்கியது. ஒழுங்காக எழுதினவனுக்கு லாபம் வந்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று, அதனால்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் கணவரின் வாதம். வாடகைக்குப் பதில் இ.எம்.ஐ. கேட்க நன்றாக இருக்கிறது. 38 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் ஏறக்குறைய 33,000. முதல் மாதம் அதில் வட்டி மட்டும் 26,900. அசலுக்குப் போவது ஆறாயிரம் சொச்சம். மடிப்பாக்கத்து ஓனருக்கு 22,000 கொடுப்பது வீண் என்று வருத்தப்படுகிறீர்கள். பேங்க்குக்கு 26,900 கொடுப்பது மட்டும் என்னவாம்? முதல் ஏழெட்டு வருஷம் நீங்கள் பேங்க்கின் குடித்தனக்காரர்தான்.

'வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டே' என்று யாராவது ஆபீஸில் சொல்லியிருப்பார்கள். சம்பளக்காரர்களுக்கு வருமான வரியின் புதிய முறையில் ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை வரியே இல்லை. உங்கள் இருவர் வருமானமும் தனித்தனியாகப் பார்த்தால் அதற்குள்ளேதான் வரும். கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? அந்த இரண்டு லட்சம் ரூபாய் வட்டிக் கழிவு பழைய முறையில் இருப்பவர்களுக்கு. ஹெச்.ஆர்.ஏ. என்கிற வீட்டு வாடகைப்படிக் கழிவும் அப்படியே. பத்து வருஷத்துக்கு முன் நானே இந்தச் சலுகையைக் காட்டிப் பலரை வீடு வாங்கச் சொல்லியிருக்கிறேன். இன்று உங்கள் வருமானத்தில் இருப்பவருக்கு அதைச் சொன்னால் அது பொய்.

கைக்காசுக்கு வாருங்கள். 10 லட்சம் முன்பணம், 4,32,000 பத்திரம், பேங்க் செலவு, அடமானப் பத்திரத்துக்குத் தனி முத்திரைத் தீர்வை, வக்கீல், வீடு மாற்றும் லாரி என்று 15 லட்சத்தில் வந்து நிற்கும். இருப்பது ஒன்பது. மீதிக்கு நகை. நகையை வைத்து முன்பணம் கட்டி, சம்பளத்தில் இ.எம்.ஐ.யும் கட்டி, மாதா மாதம் நகை வட்டியும் கட்டுவது அகலக்கால்.

அதைவிடப் பெரிய விஷயம், கூடுவாஞ்சேரிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கும் தூரம். உங்களுக்குப் பரவாயில்லை. கூடுவாஞ்சேரியில் செங்கல்பட்டு - பீச் ரயிலில் ஏறினால் நேராக நுங்கம்பாக்கத்தில் இறங்கலாம். கணவருக்கு? வண்டலூர் போய் வெளிவட்டச் சாலையைப் பிடித்துச் சுற்ற வேண்டும். போக வர 80 கிலோமீட்டர் என்று வையுங்கள். இப்போது மடிப்பாக்கத்திலிருந்து 45 இருக்கும். கூடுதலாக 35 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 20 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் சொச்சம் என்றால் 2,000 ரூபாய். பெட்ரோலுக்கு நம் மாநிலத்தில் 13 சதவீத வாட், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் மாநிலத்துக்கே போகிறது. ஸ்டேஷன் போக உங்களுக்கு இன்னொரு ஸ்கூட்டர் என்று ஆகும். 90,000 ரூபாய் வண்டிக்கு 10 சதவீதம் ஆயுள் வரி, 9,000. வீடு தள்ளிப்போகப் போக வண்டி கூடும், வண்டி கூடக் கூட வரி கூடும். சதுர அடிக்கு மிச்சம் பிடித்ததை ரோட்டில் கொட்டுவது என்பது இதுதான். அவர் தினமும் சாலையில் விடும் மூன்று மணி நேரத்துக்கு நான் விலை போடவில்லை.

ஹவுஸ் ஓனர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம். 2022 ஏப்ரலில் சென்னையில் வீட்டு வரி நன்றாகவே ஏறியது, மறுக்கவில்லை. பழைய மாநகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடிக்குள் 50 சதவீதம், 1,800க்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதம் வரை. 2024 செப்டம்பரில் இன்னொரு 6 சதவீதம் ஏற்ற மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. சரி, உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரி என்றே வைப்போம். ஆறு சதவீதம் 360. மாதத்துக்கு 30 ரூபாய். அவர் கேட்பது 2,000. வரி ரசீதைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். காட்டமாட்டார். வாடகையை நிர்ணயிப்பது அவருடைய செலவு இல்லை. நீங்கள் காலி செய்தால் மறுநாள் வாசலில் வந்து நிற்கப்போகும் ஆள். வரி அவருக்குக் கிடைத்த சாக்கு.

இந்த வாடகை உங்கள் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. தெருமுனையில் விற்கும் தோசை மாவுப் பாக்கெட்டில் அந்தக் கடையின் வாடகை இருக்கிறது. சின்னவளின் ட்யூஷன் ஃபீஸில் மிஸ்ஸின் வாடகை இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா, நகரத்துக்கு நடுவிலிருந்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ மாற்றப்பட்ட குடும்பமாக இருந்தால், அங்கிருந்து வந்து போகும் தூரமும் அவர் கேட்கும் சம்பளத்தில் இருக்க வேண்டியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதால் அந்தப் பாரம் கொஞ்சம் குறைந்தது. 'இலவசத்தால் நாடு கெட்டுப்போகிறது' என்று என் ஆபீஸுக்கு வந்து பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவரின் பஸ் டிக்கெட்டில் உங்களுக்கும் பங்கு வந்திருக்கிறது. வாங்கும் வரிக்கு மாநிலம் திருப்பிக் கொடுப்பதையும் சேர்த்துத்தான் விலைவாசியைப் பார்க்க வேண்டும். ரேஷன் அரிசி, இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவச மின்சாரம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

அந்த நூறு யூனிட்தான் உங்களுக்கு வராமல் போகிறது. சப்-மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினால் நீங்கள் கொடுப்பது 2,700. அதே 300 யூனிட்டுக்குத் தனி ஈ.பி. மீட்டர் இருந்தால் இரண்டு மாத பில் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அரசு கொடுக்கும் மானியம் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எங்கோ போகிறது.

என் ஆலோசனை, பிளாட்டை விடுங்கள், வீட்டை மாற்றுங்கள். இப்போதே வேண்டாம், பெரியவன் பத்தாவது பரீட்சையை நிம்மதியாக எழுதட்டும். பதினோராம் வகுப்புக்கு எப்படியும் பள்ளி மாறுகிற பேச்சு வரும், ஜூனில் மாறுங்கள். கொரட்டூர், பாடி, வில்லிவாக்கம் பக்கம் பாருங்கள். 20,000க்குள் இரண்டு படுக்கையறை, தனி ஈ.பி. மீட்டர் என்று புரோக்கரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புது பிளாட்டாக இல்லாமல் பழைய தனிவீட்டு மாடி என்றால் இன்னும் குறையும். கணவருக்கு வேலை பக்கத்திலேயே. பெட்ரோலில் இரண்டாயிரம், 24,000க்கும் 20,000க்கும் நடுவில் நாலாயிரம், கரண்டில் மாதம் எண்ணூறு சொச்சம் என்று ஏழாயிரம் பக்கம் மிஞ்சும். உங்களுக்குத்தான் நுங்கம்பாக்கத்துக்கு நேர் ரயில் இருக்காது, பஸ்ஸில் போக வேண்டியிருக்கும். அதில் ஒரு நாள் ஆபீஸ் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணவர் சௌகரியத்துக்காக நீங்கள் நொந்துபோவதும் சரியில்லை. அதுவரை ஆறேழு மாதம் 24,000 கொடுக்க நேர்ந்தால், 23,000க்குப் பேசிப்பாருங்கள். காலி செய்தால் ஒரு மாதம் பூட்டிக்கிடக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

ஏழாயிரத்தை எடுத்து வைத்து, நாலைந்து வருஷம் கழித்து வாங்குவதாக இருந்தால் இன்னொன்றை நினைவில் வையுங்கள். 2023 டிசம்பர் முதல், புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குப் பத்திரச் செலவு குறைவு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7. மறுவிற்பனைக்கு 9தான். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் ஏரியா (சுவர்களுக்குள் இருக்கும் தரைப்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள் என்றால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கி முடித்து, விற்காமல் பில்டர் கையில் நிற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இப்படி நிற்கும் வீடுகளை விசாரியுங்கள், பில்டரும் பேரத்துக்கு இறங்குவார். அந்தக் கட்டடத்துக்கு முதல் விற்பனைச் சலுகை பொருந்துமா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 52 லட்சம் சொன்னால் 50க்குள் கொண்டுவரப் பேசுவதில் இரட்டை லாபம்.

அட்வான்ஸ் ஒன்றரை லட்சத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அதுவும் வாடகைதான். எஃப்.டி.யில் 7 சதவீதம் கிடைத்திருந்தால் வருஷம் 10,500. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. 'ஒப்பந்தம்' என்ற அந்த ஒரு வார்த்தையில் எல்லோரும் நுழைந்துவிடுகிறார்கள். புது வீட்டில் கையெழுத்துப் போடும்முன் அந்த வரியைப் படித்துவிட்டு, மூன்று மாதத்தில் தொடங்கிப் பேசுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, பெயின்ட் என்றும் குழாய் என்றும் சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. கணக்குப் பார்ப்பதே தொழிலாக இருக்கிறவன் நான். நீங்கள் குடிபோகும் அன்றே சுவர், குழாய், சுவிட்ச், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் செல்போனில் எடுத்து, புது ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.